காலையில் பார்த்தால் வண்டி குந்திக்கொண்டிருக்கிறது!

போன இதழில் பின்பக்கம் தானாக ஏறி இறங்கும் வண்டி ஒன்றைப் பற்றி நாலே நாலு வரியில் ஒரு பதில் எழுதினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், வந்த கடிதங்களில் பாதி அதே கதை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஐந்து வருஷம் கையில் இருந்த வண்டியையே துடைத்துத் துடைத்து ஓட்டினோம். இரும்பு பொறுத்துக்கொண்டது, ரப்பர் பொறுக்கவில்லை. ஆகவே இந்த முறை முழுக்க இந்த விஷயம்தான். பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுங்கள் (பிரேக்கே பிடிக்கவில்லை என்பவர்கள் பொறுக்க வேண்டாம், இப்போதே கராஜுக்குப் போங்கள்).

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்: என்னுடையது 2005 ப்ராடோ ஜீப், பின்னால் எயார் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை). இரவு நிறுத்தும்போது நேராக நிற்கிறது. காலையில் பார்த்தால் வலது பின்பக்கம் குந்திக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறிவிடும். ஆனால் அடியிலிருந்து வரும் 'கர்ர்' சத்தம் வரவர நீண்டுகொண்டே போகிறது. கராஜில் காற்றடிக்கும் கம்பிரசர் போய்விட்டது என்கிறார்கள். மாற்றவா?

மாற்றாதீர்கள் சேர். இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

காலையில் இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டியைத் தூக்குகிற கம்பிரசர் செத்த கம்பிரசர் இல்லை. ராத்திரி முழுக்கக் காற்று எங்கேயோ ஒழுகுகிறது, விடிந்ததும் அது நிரப்புகிறது, ஒழுக்கு நாளுக்கு நாள் கூடுவதால் அது ஓட வேண்டிய நேரமும் கூடுகிறது, அவ்வளவுதான். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துக் களைத்துப்போன ஆளை அனுப்பிவிட்டு புது ஆளைக் கூப்பிடுகிற வேலையைத்தான் கராஜில் சொல்லியிருக்கிறார்கள். வாளி அப்படியேதான் இருக்கும். கம்பிரசர் சாகும், அதில் சந்தேகமில்லை, ஆனால் பத்தில் எட்டு முறை அதைக் கொன்றது வேறு ஏதாவது. அதை முதலில் பிடியுங்கள்.

இதை நான் அடுத்தவர் பிழையாகச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜீப்புக்கு நானே மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ரீகண்டிஷன் கம்பிரசர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். நாலாவது மாதம் அதே வண்டி, அதே குந்தல், கம்பிரசரைத் தொட்டால் கருகின வாசம். அன்றைக்குத்தான் அடியில் படுத்து ஒழுங்காகப் பார்த்தேன். காற்றுப் பைக்கு மேலே குழாய் சொருகுகிற இடத்தில் ஒரு ஓ-ரிங் வெடித்திருந்தது. மோதிர விரலில்கூட ஏறாத அளவு ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வண்டிக்காரர் ஒன்றும் திட்டவில்லை, "அப்போ முதல் கம்பிரசர் நல்லாத்தான் இருந்திருக்கு, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவில் கொய்ல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ரப்பர் காற்றுப் பை. அச்சு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு சிறு கம்பி வழியாக அளந்து சொல்ல சென்சர். காற்றடிக்க மின்சாரக் கம்பிரசர், அதோடு ஒட்டினாற்போல் ஈரம் உறிஞ்சும் ட்ரையர், காற்றை உள்ளே விடவும் வெளியே விடவும் மின்சாரத்தில் திறந்து மூடும் சொலனொயிட் வால்வு, எல்லாவற்றுக்கும் கட்டளை போட ஒரு கொம்பியூட்டர் பெட்டி. பின்னால் ஆள் ஏறினால் அமிழும், சென்சர் சொல்லும், கம்பிரசர் ஓடும். இறங்கினால் வால்வு திறந்து 'உஸ்' என்று காற்றை விடும். குழியில் விழுந்து எழும்புவதற்கெல்லாம் அசையக் கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் சில விநாடி பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். அதனால் ஏறி உட்கார்ந்த உடனே சத்தம் வரவில்லை என்று பதற வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டில் தையல் டேப் இருக்கும், எடுங்கள். சமதரை தேடுங்கள் (நம்ம மலைநாட்டுப் பக்கம் அதுதான் பெரிய வேலை, கோயில் முற்றமோ உங்கள் பள்ளிக்கூட மைதானமோ பாருங்கள்). சில்லின் நடு மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்றுக் குறைந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். மாலை ஒரு அளவு, காலையில் சாவி போடுவதற்கு முன் ஒரு அளவு. ஒரு விரற்கடை குறைந்தால் விட்டுவிடுங்கள், பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் பையிலுள்ள காற்று கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். நாலு விரல் இறங்கினால் ஒழுக்கு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு உள்ள அமைப்பில் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துப் பை, குழாய், வால்வு, இந்த மூன்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்து இறங்கினால் பொதுக் குழாயை, ட்ரையரை, காற்று வெளியே விடும் வால்வைச் சந்தேகப்படுங்கள். உங்களுடையது வலது மட்டும், ஆகவே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குச் சட்டி கழுவுகிற திரவம் போதும். அரைப் போத்தல் தண்ணீரில் இரண்டு மூடி கலந்து, ஒரு பெயின்ட் பிரஷ். வண்டியை ஸ்டார்ட் பண்ணி நன்றாக ஏறவிட்டு, நிறுத்தி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். காற்று இறங்கினால் வண்டி உங்கள் மேலேயே வந்து அமரும், அதற்கு நீங்கள் கீழே இருப்பது தெரியாது. முதலில் பைக்கு மேலே குழாய் சொருகும் இடத்தில் தடவுங்கள். அங்கே ஒழுகினால் கொய்யாக்காய் அளவுக்குக் குமிழி ஊதும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். அடுத்தது பையின் அடிமடிப்பு. இங்கேதான் பொறுமை வேண்டும். ரப்பர் மடிந்து உருளுகிற அந்த வளையத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் இருக்கும், பெரிய குமிழி வராது, கடுகு கடுகாக நுரை மட்டும் ஒரு கோடு பிடித்து மெதுவாக எழும்பும், ஐந்து நிமிடம் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கண்ணில் படும். சில பைகள் குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் ஒழுகும், அந்த வெடிப்பு மடிப்புக்கு வரும்போது திறக்கும், தாண்டினால் மூடிக்கொள்ளும். உயர்த்திப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் இறக்கியும் தடவிப் பாருங்கள்.

குழாய் முனை என்றால் பிளேடால் நேராக வெட்டிவிட்டு, புது ஓ-ரிங் போட்டுத் திரும்பச் சொருகினால் முடிந்தது. பை வெடித்திருந்தால் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கொண்டுபோகாதீர்கள், ஒட்டு நிற்காது. இரண்டு பையையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே வயதுக்காரர்கள், ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் பை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரப்பருக்குத் தட்டில் தூங்கினாலும் வயது ஏறும். கம்பிரசரைப் பழையது வாங்கலாம், ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். பையை வாங்காதீர்கள்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது நம்ம பக்கத்துக்கே உரிய தொல்லை. ட்ரையருக்குள் இருப்பது சிலிக்கா ஜெல், புதுச் சப்பாத்துப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வருமே, அதே சங்கதி. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது பிடித்து வைக்கும். வண்டி இறங்கும்போது அதே காற்று அதன் வழியாகத் திரும்பி வெளியே போய், பிடித்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒழுகுகிற வண்டியில் என்ன நடக்கிறது? காற்று பையிலிருந்தே வெளியேறிவிடுகிறது, ட்ரையர் வழியாகத் திரும்புவதே இல்லை. வட்டவளை மழையை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, காய்வதில்லை. அப்புறம் தண்ணீர் வால்வுக்குள் போகும், பச்சைக் களிம்பு பிடிக்கும், வால்வு மூடாது, அதுவே அடுத்த ஒழுக்கு. சின்ன ஓ-ரிங்கை விட்டுவைத்தால் கணக்கு இப்படித்தான் ஏறுகிறது.

இன்னொன்று, கொழும்பில் இருக்கிற உங்கள் மச்சானின் வண்டியோடு ஒப்பிட்டுக் கம்பிரசர் மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் ஒரு நிமிடத்தில் நிரப்புவதற்கு நுவரெலியாவில் ஒன்றேகால் நிமிடமாவது எடுக்கும். தலவாக்கலையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக எடுக்கும், அவ்வளவுதான்.

ஒழுக்கை அடைத்த பிறகும் ஏற நேரம் எடுத்தால், அப்போது கம்பிரசரைக் கழற்றுங்கள். சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினாலே போதும்.

ஹட்டனிலிருந்து தோட்டத்து பங்களா டிரைவர் ஒருவர்: துரையின் ஜீப்பைச் சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவி எடுத்ததிலிருந்து பின்பக்கம் ஏறவே மாட்டேன் என்கிறது. கம்பிரசர் சத்தமே இல்லை. டாஷ்போர்டில் ஹைட் (உயரம்) லைட் விட்டுவிட்டு எரிகிறது. துரை என்னைத்தான் கேட்கிறார்.

தம்பி, நீங்கள் செய்யவில்லை, கழுவுவதற்கு வண்டியைத் தூக்குகிற ஹொயிஸ்ட் செய்திருக்கிறது. துரையிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஹொயிஸ்டில் தூக்கும்போது சில்லுகள் தொங்கும். அந்த நேரம் சாவி ஓனில் இருந்து, தானாக உயரம் சரிசெய்யும் லெவலிங்கையும் நிறுத்தாமல் விட்டிருந்தால், சென்சருக்குத் தெரிவது "வண்டி ரொம்ப உயர்ந்துவிட்டது" என்பதுதான். உடனே வால்வைத் திறந்து பையிலுள்ள காற்றை எல்லாம் விட்டுவிடும். வெறும் பையோடு வண்டியைத் திரும்பத் தரையில் இறக்கினால் ரப்பர் கோணலாக மடிந்து நசுங்கும். சென்சர் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடந்தால் அந்தத் தொங்கலில் முறியும். இதற்காகத்தான் இந்த மாதிரி வண்டிகளில் ஜக் வைப்பதற்கு முன் ஹைட் கொன்ட்ரோலை ஓஃப் பண்ணு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். சுவிட்ச் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டயர் மாற்றும்போதும் இதே கதைதான்.

முதலில் பின் அச்சின் பக்கம் குனிந்து அந்தக் கம்பியைப் பாருங்கள். ஒரு சாண்கூட வராது, இரண்டு நுனியிலும் குமிழ் மூட்டு, ஒரு நுனி அச்சுப் பக்கம், மற்றது சேஸியில் இருக்கும் கறுப்புப் பெட்டியில். கழன்று தொங்குகிறதா, வளைந்திருக்கிறதா, மூட்டு இறுகி அசையாமல் இருக்கிறதா? உங்கள் கதைக்கு எண்பது வீதம் அங்கேயே விடை இருக்கும். லைட் விட்டுவிட்டு எரிவது கொம்பியூட்டர் ஏதோ பிழையைக் கண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது என்பதற்கு அடையாளம், அதனால்தான் கம்பிரசர் மௌனம்.

கம்பி நல்லாயிருந்தால் பியூஸ். பியூஸும் நல்லதென்றால் ரிலே (கம்பிரசருக்கு மின்சாரம் விடுகிற சுவிட்ச்), அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கம்பிரசரின் பிளக்கைக் கழற்றி பற்றறியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் கம்பிரசர் உயிரோடு இருக்கிறது, குறை வயரிங்கிலோ எர்த்திலோ. தண்ணீர் அடித்துக் கழுவின வண்டி என்பதால் பிளக்குக்குள் ஈரம் போயிருக்கவும் கூடும், பச்சை படிந்திருந்தால் சுத்தம் பண்ணுங்கள்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. ரிலேயின் உள்முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் சாவியைக் கழற்றின பிறகும் கம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பற்றறியும் செத்து கம்பிரசரும் செத்துக் கிடக்கும். நிறுத்தின வண்டிக்கு அடியில் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போகாதீர்கள், முதலில் பியூஸைப் பிடுங்குங்கள்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டக்காரர்: பின்னால் தானாகத் தூக்கிக்கொள்ளும் ஜீப் ஒன்று வாங்கப் போகிறேன். எவ்வளவு ஏற்றினாலும் குந்தாது என்கிறார்கள். கரட், லீக்ஸ் மூட்டைகளைத் தம்புள்ளைக்கு அதிலேயே கொண்டுபோகலாமா?

குந்தாது என்பது உண்மை, தாங்கும் என்பது பொய். காற்றுப் பை வண்டியின் உயரத்தைத்தான் சரிசெய்கிறது. அச்சுக்கும் டயருக்கும் பெயாரிங்குக்கும் பிரேக்குக்கும் அதே எடைதான், ஒரு கிலோகூடக் குறையவில்லை. சாதாரண ஸ்பிரிங் வண்டி என்றால் அதிகம் ஏற்றினவுடன் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு மேலே தூக்கி, "போதும்டா" என்று சொல்லிவிடும். இது சொல்லாது. நேராக நின்று சிரித்துக்கொண்டே றம்பொடை இறக்கத்தில் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும், அங்கே பிரேக் சூடேறி மிதி இறங்கும்போதுதான் தெரியும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் புத்தகத்திலும் எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும், அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. மரக்கறிக்கு லொறி வாங்குங்கள் ஐயா.

பண்டாரவளை வாசகர்: அப்பா வைத்துவிட்டுப் போன பென்ஸ் டபிள்யூ 124 ஸ்டேஷன் வாகன். பின்பக்கம் உயரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டைவண்டி மாதிரிக் குலுக்குகிறது. ஷொக் அப்சோபர் மாற்றச் சொல்கிறார்கள்.

உங்களுடையதில் காற்றே இல்லை, எண்ணெய். அந்த ஸ்டேஷன் வாகனில் கொய்ல் ஸ்பிரிங்கும் உண்டு, ஷொக் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் தூணும் உண்டு. எஞ்சின் ஓட்டும் பம்ப் அழுத்தம் கொடுக்கும், பின் ஸ்டெபிலைசர் கம்பியோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு எண்ணெயை உள்ளேயும் வெளியேயும் விடும். எண்ணெயை நசுக்க முடியாது அல்லவா, அப்படியானால் மெத்து மெத்தென்று இருப்பது எங்கிருந்து வருகிறது? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு உருண்டைகள் இருக்கின்றன, உள்ளே ரப்பர் சவ்வு, சவ்வுக்கு அந்தப் பக்கம் நைதரசன் வாயு. குழியில் விழும்போது எண்ணெய் அந்தச் சவ்வைத் தள்ளி வாயுவை நசுக்கும். வருஷம் போகப் போக நைதரசன் கசிந்துவிடும், சவ்வும் கிழியும். அப்புறம் எண்ணெய்க்குப் போக இடமில்லை, அதுதான் கட்டைவண்டி.

எஞ்சினை ஓடவிட்டு பின் பம்பரில் உங்கள் எடை முழுவதையும் போட்டு அமுக்குங்கள். பாறையை அமுக்குகிற மாதிரி இருந்தால் உருண்டைகள் போய்விட்டன. உயரம் சரியாக இருப்பதால் பம்பும் வால்வும் நல்லாயிருக்கின்றன, அவற்றில் கை வைக்கவிடாதீர்கள். இரண்டு உருண்டைகளையும் சேர்த்து மாற்றுங்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அதற்கென்றே வரும் ஹைட்ரோலிக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிப்போகும், அப்பா வைத்துவிட்டுப் போன மற்றதையும் விற்க வேண்டி வரும்.

ஹப்புத்தளை வாசகி: பழைய வொல்வோ வி70 வைத்திருக்கிறேன். பின் ஷொக் இரண்டும் ஒயில் கசிந்ததால் கடைக்காரர் கொடுத்த சாதாரண ஷொக் போட்டோம். அன்றிலிருந்து பின்பக்கம் தொங்குகிறது. ஸ்பிரிங் உடையவில்லை. கம்பிரசர், வயர் எதுவும் இந்த வண்டியில் இல்லை.

இருக்காது அக்கா. உங்கள் வண்டியில் இருந்தது நிவோமாட் என்ற வகை ஷொக்காக இருக்க வேண்டும். அது கெட்டிக்காரச் சாதனம். வயரும் இல்லை, பம்ப் மோட்டரும் இல்லை. பாதையின் மேடு பள்ளத்தில் ஷொக் ஏறி இறங்குகிறதல்லவா, அந்த அசைவையே பம்பாக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றி வண்டியைத் தூக்கிக்கொள்ளும். எல்லாரையும் ஏற்றி நிறுத்தியிருக்கும்போது குந்தித்தான் இருக்கும், ஓரிரு கிலோமீற்றர் ஓடினால் நேராகும். நம்ம பாதைகளுக்கு அவ்வளவு தூரம்கூடத் தேவைப்படாது.

வண்டியின் எடையில் ஒரு பங்கை அந்த ஷொக்கே தாங்குவதால் அதோடு வருகிற ஸ்பிரிங் மெலிந்ததாக இருக்கும். நீங்கள் ஷொக்கை மட்டும் சாதாரணத்துக்கு மாற்றிவிட்டீர்கள், மெலிந்த ஸ்பிரிங் தனியாக நிற்கிறது. ஒன்று, திரும்ப நிவோமாட் போடுங்கள், விலை கையைக் கடிக்கும். அல்லது சாதாரண ஷொக்கையே வைத்துக்கொண்டு அதே மாடலின் சாதாரண ஸ்பிரிங் இரண்டையும் தேடிப் போடுங்கள். நான் என்றால் இரண்டாவதைச் செய்வேன். எதைச் செய்தாலும் ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் கட்டை சொருகித் தூக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

நானுஓயாவிலிருந்து ஒருவர்: என்னுடையது ஜப்பான் ஹைபிரிட் கார், எல்ஈடி லைட். எயார் சஸ்பென்ஷன் கிடையாது. ஆனால் மிஸ்ட் இறங்கின நேரம் லைட் என் பொனட்டுக்கு முன்னால் பத்தடியில் விழுகிறது. பின்பக்கம் சம்பந்தமான கோளாறு என்று ஒருவர் சொன்னார். சிரித்துவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது, அவர் சொன்னது சரியாக இருக்கலாம். எல்ஈடி, எச்ஐடி விளக்கு உள்ள பல ஜப்பான் கார்களில் பின்னால் ஆள் ஏறி மூக்குத் தூக்கும்போது எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்காமல் இருக்க விளக்கே தானாகக் குனிந்துகொள்ளும். அதற்குத் தகவல் கொடுக்கிறது பின் அச்சில் இருக்கும் ஒரு சென்சரும் சிறு கம்பியும். மேலே ஹட்டன் தம்பிக்குச் சொன்ன அதே கம்பிதான், வேலை மட்டும் வேறு. நம்ம பக்கத்துச் சேற்றில் அதன் குமிழ் மூட்டு துருப்பிடித்து முறியும். பின்னால் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து விளக்கு தலையைக் குனிந்துகொள்ளும், அல்லது எதிர்மாறாக வானத்தைப் பார்க்கும். கம்பியை மாற்றுங்கள். அடுத்தது முக்கியம்: பின் ஸ்பிரிங்கையோ இந்தச் சென்சரையோ தொட்டால், ஸ்கேனர் உள்ள இடத்தில் கொடுத்து வெறும் வண்டியின் உயரத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விளக்குக்குப் பின்னால் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகி ஒப்பேற்றினால் இன்றைக்கு நேராக அடிக்கும், சென்சர் திரும்ப வேலை செய்யத் தொடங்கின அன்றைக்கு எதிரே வரும் பஸ்காரன் உங்களைத் திட்டுவான்.

பதுளை மாணவர் ஒருவர்: வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் இந்த முறையை முதலில் கண்டுபிடித்தது யார்?

தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த கார்களில் பேர் வாங்கிக் கொடுத்தது பிரான்சின் சித்ரோயன் கம்பனி. 1954இல் தங்கள் பழைய ட்ராக்ஷன் அவாங் காரின் ஒரு ரகத்தில் பின்பக்கத்துக்கு மட்டும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்த இந்த முறையைப் போட்டுப் பார்த்தார்கள், அடுத்த வருஷமே 1955இல் டிஎஸ் காரில் நாலு சில்லுக்கும் கொண்டுவந்தார்கள். பண்டாரவளைக்காரரின் பென்ஸில் இருக்கும் உருண்டைக்கும் மூதாதை அதுதான்.

மஸ்கெலியா வாசகர்: காற்றுப் பையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு கொய்ல் ஸ்பிரிங் போட்டால் நிம்மதி என்கிறார்களே?

அரைவாசி நிம்மதி. தினமும் தோட்டத்துப் பாதையில் போகிற வண்டி, இரண்டு பையும் போய்விட்டது, புதுப் பைக்குக் காசில்லை என்றால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன், நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் மாடலுக்கு, நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடைக்குப் பொருத்தமான ஸ்பிரிங் வேண்டும். வேறு வண்டியின் தடித்த ஸ்பிரிங்கைப் போட்டால் வெறும் வண்டியாக ஓடும்போது பின்பக்கம் துள்ளும், ஈரமான வளைவில் பின் சில்லு பிடியை விடும். கொம்பியூட்டர் பெட்டியையும் ஒழுங்காக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பைக்குக் காற்றடிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை லைட்டின் பல்பைப் பிடுங்குவதற்கு நிறுத்துவது என்று பெயரில்லை. கழற்றின கம்பிரசர் நல்லதென்றால் விற்காமல் வைத்திருங்கள், கராஜில் டயருக்குக் காற்றடிக்க உதவும்.

ஆனால் ஒழுக்கு எங்கே என்று பார்க்காமலே கொய்லுக்குப் போகிறீர்கள் என்றால், தலவாக்கலை சேருக்கு எழுதினதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். ஓ-ரிங் ஒன்றுக்காக முழு அமைப்பையும் கழற்றின ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: சென்சர் கம்பியை ஒரு பைண்டிங் வயரால் மேலே இழுத்துக் கட்டினால் வண்டி எப்போதும் உயர்ந்தே நிற்கும் என்று நண்பன் செய்து காட்டினான். நன்றாகத்தான் இருக்கிறது. ஏதாவது பிரச்சினை வருமா?

வரும். சென்சருக்கு வண்டி எப்போதும் தாழ்ந்தே தெரியும், கம்பிரசர் ஓடும், சென்சர் நேராகவில்லையே என்று இன்னும் ஓடும், கொம்பியூட்டர் சலித்துப்போய் நிறுத்துகிற வரைக்கும் ஓடும், அடுத்த முறை சாவி போட்டால் திரும்பத் தொடங்கும். பை ஊதி இறுகிப்போய் நிற்கும், ஷொக் முழு நீளத்துக்கு இழுபட்டே கிடக்கும், குழியில் விழுந்தால் அடி நேரே சேஸியில் விழும். வயரை இன்றைக்கே வெட்டுங்கள். வெட்டும்போது வண்டிக்கு அடியில் இருக்காதீர்கள், சாவியும் ஓஃபில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது உடனே இறங்கும்.